பென்சிலும் நாலு கட்டமும்: ஆட்டத்தின் சமநிலையைக் கண்டுபிடிப்பது எப்படி

தண்டையார்பேட்டையில் என் வீட்டு மாடியில் மாலை நேரத்தில் பொருளியல் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் ஒரு பகுதியினர் கல்லூரியில் பி.காம். படிப்பவர்கள். மற்றவர்கள் பகலெல்லாம் அப்பாவின் கடையிலோ மாமாவின் கிடங்கிலோ நின்றுவிட்டு, தபால் வழியில் பட்டம் படிக்கிறவர்கள். ஒருவருக்குக் கிடைப்பது மற்றவர் செய்வதையும் பொறுத்திருந்தால் அதை ‘ஆட்டம்’ என்று பார்க்கும் ஆட்டக் கோட்பாடு பாடம் வந்ததும் இந்த இரண்டாம் கூட்டம் முந்திக்கொள்கிறது. எதிர்க்கடைக்காரர் என்ன விலை சொல்வார் என்று யோசித்த பிறகே வாயைத் திறந்து பழகியவர்கள் அவர்கள்.

பாடப்புத்தகங்களோ சிறையில் அடைபட்ட இரண்டு கைதிகளில் ஆரம்பிக்கின்றன. புதிதாகப் படிப்பவருக்கு அந்தக் கதையை நான் கொடுப்பதில்லை. அதில் வரும் எண்கள் தண்டனை ஆண்டுகள். எண் குறைந்தால் நல்லது என்று தலைகீழாக யோசிக்க வேண்டியிருக்கிறது. முதல் நாளே ஏன் இந்தத் தொல்லை? லாபத்தில் ஆரம்பிப்போம். ஒரு பென்சில், ஒரு ரப்பர், கட்டம் போட்ட நோட்டு போதும்.

அத்தோ வண்டிகள் இரண்டு

பர்மா பஜார் பக்கம் செகண்ட் லைன் பீச் சாலையில் மாலையானால் அத்தோ வண்டிகள் வந்துவிடும். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த உணவு. இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. ஒரு தட்டை 60 ரூபாய்க்கு விற்கலாம் அல்லது 50 ரூபாய்க்கு விற்கலாம். ஒரு தட்டுக்கு ஆகும் செலவு 30 ரூபாய். ஒரு மாலையில் அந்த இடத்தில் மொத்தம் 200 தட்டு விற்கும். இவையெல்லாம் நான் பாடத்துக்காக வைத்துக்கொண்ட எண்கள்.

அட்டவணை போடுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். ஆடுகிறவர்கள் யார்? ஒவ்வொருவரும் என்னென்ன செய்யலாம்? இருவரும் செய்வதைச் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் என்ன மிஞ்சும்? முதல் இரண்டையும் ஒரு நிமிடத்தில் எழுதிவிடலாம். மூன்றாவதுதான் உழைப்பு. மாணவர்கள் அந்த இடத்தில் ஏதோ 5, 3, 1 என்று வாய்க்கு வந்த எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். நான் விடுவதில்லை. ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும்.

இருவரும் 60 சொன்னால் ஆளுக்கு 100 தட்டு, தட்டுக்கு 30 ரூபாய் லாபம், ஆக 3000. இருவரும் 50 சொன்னால் அதே 100 தட்டு, தட்டுக்கு 20 ரூபாய், ஆக 2000. ஒருவர் மட்டும் குறைத்தால்? குறைத்தவரிடம் 170 தட்டு போகிறது என்று வைப்போம். அவருக்கு 3400. குறைக்காதவருக்கு மிஞ்சியது 30 தட்டு, 900 ரூபாய்.

| | மேற்கு: 60 | மேற்கு: 50 |
|---|---|---|
| கிழக்கு: 60 | 3000, 3000 | 900, 3400 |
| கிழக்கு: 50 | 3400, 900 | 2000, 2000 |

ஒவ்வொரு கட்டத்திலும் முதல் எண் கிழக்கு வண்டிக்கு, இரண்டாவது எண் மேற்கு வண்டிக்கு.

இப்போது உள்ளங்கையால் வலப்பக்கப் பத்தியை மூடுங்கள். மேற்கு வண்டி 60 என்று முடிவு செய்துவிட்டது, அதை மாற்ற நம்மால் முடியாது என்று பொருள். தெரிகிற பத்தியில் முதல் எண்களை மட்டும் மேலிருந்து கீழே பாருங்கள்: 3000, 3400. பெரியதன் கீழே கோடு போடுங்கள். அடுத்து இடப்பக்கத்தை மூடுங்கள்: 900, 2000. 2000-க்குக் கோடு. கிழக்கு வண்டியின் வேலை முடிந்தது.

மேற்கு வண்டிக்கு வரும்போது கையைத் திருப்ப வேண்டும். கீழ் வரிசையை மூடிவிட்டு, மேல் வரிசையில் இரண்டாம் எண்களை இடமிருந்து வலமாகப் பாருங்கள்: 3000, 3400. பிறகு மேல் வரிசையை மூடினால்: 900, 2000. கோடுகள் 3400-க்கும் 2000-க்கும்.

பரீட்சைத் தாளில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கிழக்கு வண்டி மேலும் கீழும் நகரும். பக்கவாட்டில் நகர அதற்கு உரிமை இல்லை. மேற்கு வண்டி பக்கவாட்டில் மட்டும் நகரும். ஆனால் மாணவர் கை தன்னையறியாமல் ஒரே வரிசையில் இருக்கும் முதல் எண்களை ஒப்பிட்டு, 3000 பெரியதா 900 பெரியதா என்று பார்க்கிறது. அது மேற்கு வண்டியின் முடிவைக் கிழக்கு வண்டி எடுப்பதாக ஆகிவிடும். இரண்டு எண்கள் சமமாக வந்தால் இரண்டின் கீழும் கோடு போடுங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு அதிகாரம் கிடையாது.

இரண்டு எண்களின் கீழும் கோடு விழுந்த கட்டம் எது? இருவரும் 50 சொல்லும் கட்டம். அதுதான் நாஷ் சமநிலை. அமெரிக்கக் கணிதவியலாளர் ஜான் நாஷ் 1950-இல் இரண்டே பக்கக் கட்டுரையில் இதை எழுதினார். அப்போது அவருக்கு 21 வயது. நோபல் பரிசு வந்தது 1994-இல், ஜான் ஹர்சானி, ரைன்ஹார்ட் செல்டன் ஆகியோருடன் சேர்த்து.

கோடு விழுந்த கட்டத்தில் நின்று ஒரு கேள்வி கேளுங்கள்: மற்றவர் அசையாமல் இருக்க, நான் மட்டும் மாறினால் எனக்குக் கூடுமா? 50-இல் நிற்கும் வண்டி தனியாக 60-க்குப் போனால் 2000 போய் 900 வரும். ஆகவே மாறாது. இருவருமே இப்படி மாற மாட்டார்கள் என்றால் அது சமநிலை. அவ்வளவுதான் இலக்கணம். அந்தக் கட்டம் நல்லது என்றோ நியாயம் என்றோ இதில் ஒரு வார்த்தையும் இல்லை. இருவரும் 3000 பெற்றிருக்க வேண்டிய இடத்தில் இருவரும் 2000-இல் நிற்கிறார்கள். “அப்படியென்றால் அவர்கள் முட்டாள்களா, மிஸ்?” என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். முட்டாள்கள் இல்லை. 60-இல் நிற்கும்போது ஒவ்வொருவருக்கும் 400 ரூபாய் ஆசை காட்டுகிறது, அவ்வளவே. இந்த ஆட்டத்தில் எதிராளி எதைச் செய்தாலும் 50 சொல்வதே மேல் என்பதால் அதை ஆதிக்க உத்தி என்கிறோம்.

மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டுப் பையன்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. மீன் முட்டையிடும் காலத்தில் எல்லாப் படகுகளும் கரையில் இருந்தால் எல்லோருக்கும் பின்னால் மீன் உண்டு. மற்றவர்கள் கரையில் இருக்கும்போது நான் மட்டும் போனால் எனக்கு இன்றே கொள்ளை மீன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை இருப்பதை இந்த அட்டவணையோடு வைத்துப் பாருங்கள். தடை, மீனவரின் மனத்தை மாற்றுவதில்லை. மீறினால் வரும் அபராதத்தைக் கட்டத்துக்குள் எழுதி, எண்ணை மாற்றுகிறது. எண் மாறினால் கோடு விழும் இடம் மாறும்.

ஒரே ஒரு எண்ணை மாற்றுங்கள்

மேலே 170 தட்டு என்று வைத்தேன் அல்லவா? அதை 140 ஆக்குங்கள். வாடிக்கையாளர்களுக்கு அவரவர் வண்டி மீது பற்று இருக்கிறது, பத்து ரூபாய்க்காக எல்லோரும் சாலையைக் கடப்பதில்லை என்று பொருள். குறைத்தவருக்கு 2800, குறைக்காதவருக்கு 60 தட்டு, 1800.

| | மேற்கு: 60 | மேற்கு: 50 |
|---|---|---|
| கிழக்கு: 60 | 3000, 3000 | 1800, 2800 |
| கிழக்கு: 50 | 2800, 1800 | 2000, 2000 |

மீண்டும் கை வைத்து மூடிப் பாருங்கள். இந்த முறை இரண்டு கட்டங்களில் இரட்டைக் கோடு விழும்: இருவரும் 60, இருவரும் 50. இரண்டுமே சமநிலைகள். 3000-இல் இருந்தால் யாரும் அசைய மாட்டார்கள். 2000-இல் மாட்டிக்கொண்டாலும் யாரும் தனியாக ஏற மாட்டார்கள்.

அந்த எண்ணை இன்னும் குறைத்து 130 என்று வையுங்கள். குறைத்தவருக்கு 2600, குறைக்காதவருக்கு 2100. இப்போது 60 சொல்வதே ஆதிக்க உத்தி. கணக்குப் போட்டுப் பார்த்தால் எல்லைகள் தெளிவாகத் தெரியும்: குறைத்தவரிடம் 150 தட்டுக்கு மேல் போனால் முதல் ஆட்டம், சுமார் 133-க்கும் 150-க்கும் நடுவில் இரண்டு சமநிலை ஆட்டம், அதற்கும் கீழே விலைப்போட்டியே கிடையாது. இதனால்தான் அட்டவணையின் எண்களுக்காக மாணவர்களோடு சண்டை போடுகிறேன். வாடிக்கையாளர் எத்தனை பேர் மாறுவார்கள் என்று வண்டியருகே நின்று விசாரிக்காமல், “விலைப்போட்டி என்றாலே இருவருக்கும் நஷ்டம்” என்று எழுதிவிட்டுப் போகிறவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

இரண்டு சமநிலை கிடைத்தால் மூன்றாவது ஒன்று ஒளிந்திருக்கும் என்று சந்தேகப்படுங்கள். விதிவிலக்கான சில அட்டவணைகளைத் தவிர மற்றவற்றில் சமநிலைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாகவே வரும் என்று 1971-இல் ராபர்ட் வில்சன் காட்டியிருக்கிறார். இங்கே அது எது? எதிர் வண்டி 60 சொல்ல எவ்வளவு வாய்ப்பு இருந்தால் எனக்கு இரண்டும் ஒன்றாகிவிடும் என்று கேளுங்கள். அந்த வாய்ப்பு பாதி. பாதியென்றால் 60 சொன்னாலும் சராசரி 2400, 50 சொன்னாலும் சராசரி 2400. இருவரும் நாணயம் சுண்டி முடிவெடுப்பது மூன்றாவது சமநிலை. அப்படி யாரும் வண்டி நடத்த மாட்டார்கள்தான். ஆனாலும் அந்தப் பாதி பயனுள்ள எண். எதிராளி 60-இலேயே நிற்பார் என்பதில் பாதிக்கு மேல் நம்பிக்கை இருந்தால் நீங்களும் நில்லுங்கள், குறைந்தால் இறங்குங்கள்.

வெட்டிக்கொண்டே போவது

நாலு கட்டத்துக்கு மேல் போனால் அட்டவணை பெருகிவிடும். அப்போது கோடு போடுவதற்கு முன் குப்பையை அகற்ற வேண்டும்.

மெட்ரோ பாதையில் எங்கள் பக்கத்து ஐந்து நிலையங்களை வரிசையாக எழுதுங்கள்: தண்டையார்பேட்டை, புது வண்ணாரப்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி. ஒவ்வொரு நிலையத்திலும் 100 பேர் கரும்புச்சாறு குடிக்க இருக்கிறார்கள். நிலையங்களுக்கு இடையே ஒரே தூரம், விலையும் ஒன்றே, அருகில் உள்ள வண்டிக்கே போவார்கள், இரண்டும் சம தூரமானால் பாதிப்பாதி. இரண்டு கரும்புச்சாறு வண்டிகள் எங்கே நிற்கும்?

25 கட்டம் போட வேண்டியதில்லை. தண்டையார்பேட்டையையும் புது வண்ணாரப்பேட்டையையும் மட்டும் ஒப்பிடுங்கள். எதிர் வண்டி டோல்கேட்டில் நின்றால், தண்டையார்பேட்டையில் எனக்கு 150 பேர், புது வண்ணாரப்பேட்டையில் 200 பேர். எதிர் வண்டி தேரடியில் நின்றால் 250-க்கு 300. மற்ற மூன்று இடங்களையும் பாருங்கள். எப்போதும் புது வண்ணாரப்பேட்டையே மேல். எனவே தண்டையார்பேட்டையை அடித்துவிடலாம். அதே காரணத்தால் மறுகோடியில் தேரடியையும் அடிக்கலாம். எதிராளியும் இதே கணக்கைப் போடுவார் என்பதால் அவர் பட்டியலிலும் இரண்டும் போய்விடும்.

இப்போது மூன்று மிஞ்சுகின்றன. புது வண்ணாரப்பேட்டையை டோல்கேட்டோடு ஒப்பிடுங்கள்: எதிராளி புது வண்ணாரப்பேட்டையில் என்றால் 250-க்கு 300, டோல்கேட்டில் என்றால் 200-க்கு 250, காலடிப்பேட்டையில் என்றால் 250-க்கு 300. அதுவும் போயிற்று, காலடிப்பேட்டையும் போயிற்று. இரண்டு வண்டிகளும் டோல்கேட்டில் பக்கம் பக்கமாக நிற்கின்றன. தேரடிக்காரர்கள் இரண்டு நிலையம் தாண்டி வர வேண்டும். 1929-இல் ஹெரால்ட் ஹோட்டலிங் எழுதிய கட்டுரையின் கரு இதுவே.

எம்.சி. சாலையில் துணிக்கடைகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பதற்கும் இதுதான் காரணமா என்று கேட்பார்கள். முழுக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். பத்துக் கடை ஏறி இறங்கலாம் என்பதற்காகவே அங்கே வருகிற கூட்டம் இருக்கிறது; கடைகள் சேர்ந்திருப்பதால் கூட்டமே பெரிதாகிறது. நம் கணக்கில் 500 பேர் என்பது மாறாத எண். அதை மாற்றினால் வேறு ஆட்டம்.

வெட்டும்போது ஒரு கட்டுப்பாடு: எதிராளியின் எல்லாத் தேர்வுகளுக்கும் எதிராக மோசமாக இருந்தால் மட்டுமே ஒன்றை அடிக்கலாம். ஒரே ஓர் இடத்தில் சமமாக இருந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். அவசரப்பட்டு அடித்தால் ஒரு சமநிலையையே சேர்த்து அடித்துவிட நேரும்.

கோடு எங்குமே சேரவில்லை என்றால்

வியாசர்பாடிக்குப் போவோம். அங்கே கால்பந்து ஆடாத தெரு குறைவு. பெனால்டி அடிப்பவர் இடப்பக்கம் அடிப்பார் அல்லது வலப்பக்கம் அடிப்பார். பந்து வந்த பிறகு பாய நேரம் இருக்காது என்பதால் கோல்கீப்பரும் முன்பே முடிவெடுத்துவிடுவார். பக்கங்களை எல்லாம் அடிப்பவர் பார்வையில் சொல்கிறேன். நூற்றுக்கு எத்தனை கோல் என்பதே அடிப்பவரின் பலன். அது கூடினால் கீப்பருக்கு நஷ்டம்.

| | கீப்பர்: இடம் | கீப்பர்: வலம் |
|---|---|---|
| அடிப்பவர்: இடம் | 40 | 90 |
| அடிப்பவர்: வலம் | 80 | 50 |

கீப்பர் இடம் பாய்ந்தால் வலம் அடிக்க வேண்டும். வலம் அடித்தால் கீப்பர் வலம் பாய வேண்டும். அப்படியானால் இடம் அடிக்க வேண்டும். உடனே கீப்பர் இடம் பாய்வார். நான்கு கட்டத்திலும் யாராவது ஒருவர் மாற நினைக்கிறார். இரட்டைக் கோடு எங்கும் விழாது. ஆனால் ஆட்டக்காரர்களும் தேர்வுகளும் எண்ணி முடிக்கக்கூடிய அளவில் இருந்தால் ஒரு சமநிலையாவது உண்டு என்பதே நாஷ் நிரூபித்தது. அது இங்கே கலப்பு உத்தியாக இருக்கும், அதாவது ஒரே பக்கத்தைப் பிடித்துக்கொள்ளாமல் ஒவ்வொரு பக்கத்தையும் இவ்வளவு வாய்ப்பில் என்று கலந்து தேர்ந்தெடுப்பது. (இருவர் மட்டும் ஆடி, ஒருவர் லாபம் மற்றவர் நஷ்டமாகும் இத்தகைய ஆட்டங்களுக்கு வான் நாய்மன் 1928-இலேயே இதைக் காட்டிவிட்டார்.)

வழி இது. அடிப்பவரின் கலவையைக் கண்டுபிடிக்க கீப்பரின் பலனைப் பாருங்கள். ஆம், எதிராளியின் பலனை. அடிப்பவர் இடம் அடிக்கும் வாய்ப்பை ‘அ’ என்று வையுங்கள். கீப்பர் இடம் பாய்ந்தால் விழும் கோல் 40அ + 80(1 − அ), அதாவது 80 − 40அ. வலம் பாய்ந்தால் 90அ + 50(1 − அ), அதாவது 50 + 40அ. இரண்டும் சமமானால்தான் கீப்பருக்கு எந்தப் பக்கமும் ஆதாயம் இராது. 80 − 40அ = 50 + 40அ. அ = 3/8. எட்டில் மூன்று முறை இடம், ஐந்து முறை வலம்.

கீப்பருக்கும் அப்படியே. அவர் இடம் பாயும் வாய்ப்பு ‘க’ என்றால், அடிப்பவருக்கு இடத்தில் 90 − 50க, வலத்தில் 50 + 30க. க = 1/2. இரண்டையும் பொருத்தினால் நூற்றுக்கு 65 கோல். எந்தப் பக்கத்திலிருந்து கணக்கிட்டாலும் 65 வர வேண்டும்; வராவிட்டால் எங்கோ தவறு.

கலவை என்றால் இடம், வலம், இடம், வலம் என்று மாற்றி மாற்றி அடிப்பதல்ல. அப்படி அடித்தால் மூன்றாம் முறையே கீப்பர் பிடித்துவிடுவார். ஒவ்வொரு முறையும் முந்தையதோடு தொடர்பில்லாமல் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஆட்டங்களின் 1,417 பெனால்டிகளை ஆராய்ந்து பொருளியலாளர் இக்னாசியோ பாலாசியோஸ்-ஹுவெர்தா 2003-இல் வெளியிட்ட ஆய்வில், தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஏறக்குறைய இப்படித்தான் அடிக்கிறார்கள் என்று தெரியவந்தது: இரு பக்கமும் வெற்றி விகிதம் சமமாக, வரிசையில் ஒழுங்கு இல்லாமல்.

இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். அடிப்பவர் பயிற்சி எடுக்கிறார். கீப்பர் தவறான பக்கம் பாயும்போது இடப்பக்க அடி இனித் தவறவே தவறாது. 90 இருந்த இடத்தில் 100. இடப்பக்கம் பலம் கூடிவிட்டது. இனி இடம் அதிகம் அடிப்பாரா, குறைவாகவா? கணக்கைப் போடுங்கள்: 80 − 40அ = 50 + 50அ. அ = 1/3. முன்பு 3/8, இப்போது அதைவிடக் குறைவு! அவர் பலத்தை அறிந்த கீப்பர் இடப்பக்கம் அதிகம் பாயத் தொடங்குகிறார், 1/2 என்பது 5/9 ஆகிறது. பலம் கூடிய பக்கத்தைக் குறைவாகப் பயன்படுத்திக்கொண்டே அடிப்பவர் 65-இலிருந்து ஏறத்தாழ 66.7-க்கு உயர்கிறார். பந்து ஆடும் பையன்கள் இதை முதலில் நம்புவதில்லை, பிறகு தங்கள் அணியில் இருப்பவர்களின் பெயரைச் சொல்லி ஒத்துக்கொள்கிறார்கள்.

கேரம் ஆடுகிறவர்கள் தங்கள் ஆட்டத்துக்கும் அட்டவணை போடச் சொல்லுவார்கள். அது வேண்டாம். அங்கே ஒருவர் அடித்ததைப் பார்த்துவிட்டு மற்றவர் அடிக்கிறார். அதற்கு மரம்போல் கிளை வரைந்து, கடைசி நகர்விலிருந்து பின்னோக்கி வர வேண்டும். அது தனிப் பாடம்.

நீங்களே போடுங்கள்

மண்ணடியில் குறுகலான தெரு. எதிரெதிரே இரண்டு மினி லாரிகள். ஒவ்வொரு டிரைவரும் முன்னேறலாம், பின்வாங்கலாம். பின்வாங்குபவருக்கு 5 நிமிடம் போகும், எதிரே உள்ளவர் என்ன செய்தாலும். முன்னேறுபவருக்கு எதிராளி பின்வாங்கினால் இழப்பே இல்லை. இருவரும் முன்னேறினால் இருவருக்கும் 20 நிமிடம். இங்கே எண்கள் இழப்பு, ஆகவே சிறிய எண்ணுக்குக் கோடு போட வேண்டும்; கைதிகள் கதைக்கும் இனி நீங்கள் தயார்.

விடை: ஒருவர் முன்னேற மற்றவர் பின்வாங்கும் இரண்டு கட்டங்கள் சமநிலை. மூன்றாவது கலப்பு. எதிராளி முன்னேறும் வாய்ப்பு ‘ம’ என்றால், முன்னேறுவதன் இழப்பு 20ம, பின்வாங்குவதன் இழப்பு 5; ம = 1/4. இருவரும் கால் பங்கு வாய்ப்பில் முன்னேறினால், பதினாறில் ஒருமுறை தெரு அடைபடும். மண்ணடியில் அதைவிட அதிகமாகவே அடைபடுவதைப் பார்த்திருப்பீர்கள். எந்த எண்ணை மாற்றினால் அது அட்டவணையில் வரும் என்று தேடுங்கள். 20-ஐ 8 ஆக்கிப் பார்ப்பதில் ஆரம்பிக்கலாம்.